என்.ஏ.வி. கணக்கு: பல வருஷம் ஃபண்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுக்கு நாளொன்றுக்கு ஒரே விலைதான். பங்கு, பத்திரம், ரொக்கம் எல்லாவற்றின் அன்றைய மதிப்பையும் கூட்டி, கொடுக்க வேண்டியதையும் செலவையும் கழித்து, மொத்த யூனிட்டால் வகுத்தால் வருவது என்.ஏ.வி., அதாவது நிகர சொத்து மதிப்பு. சந்தை முடிந்தபிறகே இது தெரியும். ஆப்பில் பகலில் காட்டுவது முந்தைய நாள் விலை.

அதிகம் குழப்புவது தேதி. 2021 பிப்ரவரி 1 முதல், தொகை எவ்வளவு சிறியதானாலும், மதியம் 3 மணிக்குள் பணம் ஃபண்டின் கணக்கில் சேர்ந்தால்தான் அன்றைய என்.ஏ.வி. கிடைக்கும். தர்மபுரியில் வெள்ளிக்கிழமை கொடுத்த செக் திங்கட்கிழமை பாஸானால், திங்கட்கிழமை விலைதான். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் எஸ்.ஐ.பி.யிலும் 5ஆம் தேதி வங்கியில் பிடித்த பணத்துக்கு 6ஆம் தேதி விலையில் யூனிட் ஏறலாம், அது தவறல்ல. மாங்காய் சீசன் பணத்தை மொத்தமாகப் போடுபவர்கள் நெட்பேங்கிங்கில் முற்பகலிலேயே அனுப்பிவிடுவது நல்லது. குறுகிய காலப் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டுக்குக் கெடு 1.30 மணி.

ஸ்டேட்மென்ட்டை நாமே சரிபார்க்கலாம். 10,000 ரூபாய்க்கு முத்திரைத் தீர்வை 0.005%, அதாவது 50 காசு. மீதி 9,999.50ஐ என்.ஏ.வி. 50ஆல் வகுத்தால் 199.990 யூனிட். விற்கும்போது 1% வெளியேற்றக் கட்டணம் இருந்தால், 52 ரூபாய் யூனிட்டுக்குக் கையில் வருவது 51.48.

'10 ரூபாய் ஃபண்ட் மலிவு' என்ற பேச்சு ஓசூர் கம்பெனி கேன்டீன் வரை இன்னும் ஓடுகிறது. 10 ரூபாயில் 1,000 யூனிட்டோ, 200 ரூபாயில் 50 யூனிட்டோ, உள்ளே இருக்கும் சொத்து 10% ஏறினால் இரண்டுமே 11,000 ரூபாய்தான். டிவிடெண்ட் ஆசையும் இப்படித்தான்: 25 ரூபாய் யூனிட்டில் 2 ரூபாய் கொடுத்தால் என்.ஏ.வி. அதே அளவு இறங்கும். நம் பணமே பை மாறுகிறது.

நிர்வாகச் செலவு தனியாகக் கேட்கப்படுவதில்லை, அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. 1.8% என்றால் ஒரு லட்சத்துக்கு வருஷம் 1,800, தினம் ஏறக்குறைய 5 ரூபாய். அது போகத்தான் என்.ஏ.வி. வெளிவருகிறது. ஒரே ஃபண்டின் டைரக்ட் (நேரடியாக வாங்குவது, செலவு குறைவு), ரெகுலர் (முகவர் வழியாக வாங்குவது) இரண்டு என்.ஏ.வி.யையும் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் அருகருகே பாருங்கள். 2013 ஜனவரியில் டைரக்ட் வந்தபோது ஒரே இடத்திலிருந்து கிளம்பிய இரண்டும் இன்று எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பது அங்கேயே தெரியும்.