யூ.கே.சி.ஐ.எஸ்.ஏ. கட்டண நிலை வழிகாட்டி: மேல்முறையீட்டுக்கு எவ்வளவு உதவும்?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கிறார்களா? மேல்முறையீடு எழுதுமுன், பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர் விவகாரங்களுக்கு ஆலோசனை தரும் அமைப்பான யூ.கே.சி.ஐ.எஸ்.ஏ.வின் தளத்தில் உள்ள கட்டண நிலைப் (உள்நாட்டுக் கட்டணமா, வெளிநாட்டுக் கட்டணமா என்ற வகைப்பாடு) பக்கங்களைப் படித்துவிடுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. பல்கலைக்கழகம் இருக்கும் பகுதிக்கு உரியதைத் திறப்பது முக்கியம்.

இதன் பெரிய பலம், 2007ஆம் ஆண்டு இங்கிலாந்து கட்டண விதிமுறைகளை வகை வகையாகப் பிரித்துச் சொல்வது. உள்நாட்டுக் கட்டணம் பெற ஒரே ஒரு வகையில் முழுமையாகப் பொருந்தினால் போதும். தேதிக் கணக்கும் தெளிவு: செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு செப்டம்பர் 1தான் அளவுகோல், பெரும்பாலான வகைகளுக்கு அதற்கு முந்தைய 3 ஆண்டு வசிப்பைக் காட்ட வேண்டும். பல விண்ணப்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். குடியுரிமை மட்டும் வசிப்பாகாது. பெற்றோர் துபாயிலோ சென்னையிலோ வேலை பார்த்தது தற்காலிகம் என்றால், அதற்குச் சான்றாகக் கால வரம்புள்ள பணி ஒப்பந்தம், பிரிட்டனில் தொடர்ந்து வைத்திருந்த வீட்டின் கவுன்சில் வரி ரசீது போன்றவற்றை இணையுங்கள். வெறும் விளக்கக் கடிதம் எடுபடாது.

குறை: நடை சட்டப் புத்தகம் போல இறுக்கம். முடிவெடுப்பது பல்கலைக்கழகமே, இந்த அமைப்பால் அதை மாற்ற முடியாது. பதிவு செய்த மாணவர், உள்முறையீடு முடிந்ததற்கான கடிதம் பெற்று, 12 மாதத்துக்குள், மாணவர் புகார்களை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான ஓ.ஐ.ஏ.விடம் இலவசமாகப் புகார் செய்யலாம். அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே.