பழைய பெயிண்டை எடுக்க: காய்ந்த உப்புத்தாளா, ஈரச் சுரண்டலா?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து வேலைக்குப் போகும் நம் பெயிண்டர்கள், பழைய வீட்டுக் கதவுகளையும் ஜன்னல் கம்பிகளையும் உப்புத்தாளால் தேய்க்கும்போது மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டும்தான் கட்டியிருப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், சரி. ஆனால் பழைய எனாமலில் ஈயம் (காரீயம், லெட்) இருந்தால், அந்த நுண்தூளைக் கைக்குட்டை தடுக்காது. கையால் தேய்க்காமல் கிரைண்டர் மெஷினால் தேய்த்தால் இன்னும் மோசம். வயிற்றுவலி, ரத்தசோகை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கேடு என்று ஈயம் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். சட்டையில் ஒட்டிய தூள் வீட்டுக்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். எனக்குப் பெரிய பயமே இதுதான்.

ஈரமாகச் சுரண்டினால் தூள் அதிகம் பறக்காது. தண்ணீர் தெளித்து, ஸ்கிரேப்பரால் எடுத்து, கீழே விரித்த பிளாஸ்டிக் ஷீட்டோடு சுருட்டிக் கட்டிவிடலாம். சுவிட்ச் பக்கம் மட்டும் கரண்டை அணைத்துவிட வேண்டும். அப்போதும் முகத்தோடு பொருந்தும், நுண்தூளைத் தடுக்கும் பி100 ரக ஃபில்டர் மாஸ்க் வேண்டும். டீ குடிக்கும் முன் சோப்பால் கை கழுவ வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது. அது புது டப்பாவுக்கான விதி. சுவரில் ஏற்கெனவே இருப்பதை அது தொடாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் ஈய நஞ்சு அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு வேலை தொழிற்சாலை வேலை ஆகாதே.

என் தேர்வு ஈரச் சுரண்டல்தான். நேரம் கூடும். அதனால் சதுர அடிக் கணக்கில் பேசாமல் நாள் கூலியாகப் பேசுங்கள்.