தாவா, மாண்டாவா? பழைய வெட்டுக்கத்தியின் பிறப்பிடத்தைக் கண்டறிதல்

உறையோ குறிப்போ இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்த பழைய வெட்டுக்கத்தி ஒன்றை எந்தப் பகுதிக்குரியதாகப் பதிவு செய்வது என்று ஆராய்ந்தபோது, கடைசியில் இரண்டு விடைகளே எஞ்சின: வடகிழக்கு இந்தியாவிலும் வடக்கு மியான்மரிலும் நாகர், காச்சின் மக்களிடம் வழங்கும் தாவ், போர்னியோ தீவின் தயாக் மக்களுடைய மாண்டாவ். நான் தாவ் என்றே பதிந்தேன். பிடியருகே காடி வெட்டப்பட்ட நேபாளக் குக்ரியையும், உள்வளைவில் கூர் அமைந்த குடகு ஆயுதக் கத்தியையும் வடிவத்தைக் கொண்டே ஒதுக்கிவிடலாம்.

தாவையும் மாண்டாவையும் குழப்பிக்கொள்வது எளிது. இரண்டுக்கும் ஒரு பக்கமே கூர், கைக்காப்பு கிடையாது, அலகு பிடியருகே குறுகி, நுனியை நோக்கி அகன்று செல்லும். விற்பனைக் குறிப்புகளில் இரண்டின் மீதும் ‘தலைவேட்டைக் கத்தி’ என்ற பெயரை ஒட்டிவிடுகிறார்கள். மூங்கில் பிளப்பதிலும் காடு திருத்துவதிலுமே பெரும்பாலும் தேய்ந்த தாவுக்கு அந்தப் பெயர் விலையை ஏற்றலாம், ஊரைச் சொல்லாது. தாவின் நுனி நேராக வெட்டிவிட்டதுபோல் இருக்கும். மாண்டாவின் முதுகு நுனியருகே சரிந்து கூர்முனையில் முடியும். ஆனால் உடைந்த நுனியை யாரும் தேய்த்துத் திருத்திவிடக்கூடும். மாண்டாவுக்குரிய செதுக்கிய மான்கொம்புப் பிடியும் மயிர்க்குஞ்சமும் கண்ணைக் கவரும் சான்றுகள்தாம். என்றாலும் அலகைக் காட்டிலும் பிடி முன்னதாகவே பழுதாகி மாற்றப்படும் என்பதால், அதை முதல் சாட்சியாக நான் ஏற்பதில்லை.

எனக்கு முடிவைத் தந்தது அலகின் குறுக்குவெட்டு. ஒரு நேரான உலோக அளவுகோலை முதுகிலிருந்து வாய்வரை, அதாவது கூர் விளிம்புவரை, அகலவாட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உளியைப் போல் ஒரு பக்கம் மட்டும் சரிவு கொடுத்துத் தீட்டப்பட்ட தாவில், ஒரு முகம் முழுவதும் தட்டையாக இருப்பதால் அளவுகோல் இடைவெளியின்றிப் படியும். மறுமுகத்தில் வாய்க்கருகே மட்டும் சரிவு தெரியும். மாண்டாவிலோ ஒரு முகம் குழிந்திருப்பதால் அளவுகோலின் நடுப்பகுதிக்குக் கீழே வெளிச்சம் கசியும்; மறுமுகம் புடைத்திருப்பதால் அளவுகோல் நிலைகொள்ளாமல் ஆடும். எந்த முகம் குழிந்தது என்பதைக் கொண்டு அது வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டதா இடக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டதா என்பதையும் ஊகிக்க முடியும். சாணைக்கல் குறைவாகப் பட்டிருக்கும் பிடியோரத்திலும் இச்சோதனையைச் செய்வது அவசியம், ஏனெனில் தலைமுறைகளாகத் தீட்டியதில் வாய்ப்பகுதியின் சரிவு மாறியிருக்கலாம். முகத்தின் குழிவோ அலகை உருவாக்கும்போதே அமைவது, சாதாரணத் தீட்டலில் மறைவதில்லை.

என் கத்தியின் ஒரு முகத்தில் அளவுகோல் முழுமையாகப் படிந்தது. இருப்பினும், தட்டையான முகம் மட்டும் போர்னியோவை அடியோடு விலக்கிவிடாது. அங்கு வழங்கும் பராங் லாத்தோக் என்ற கத்திக்கு இந்தக் குழிவு இல்லை. ஆனால் அது பிடியருகே கோணமாக வளைந்திருப்பதால் தோற்றத்திலேயே வேறுபட்டுவிடுகிறது. போர்னியோக் கத்திகளை நான் கையில் எடுத்துப் பார்த்தது குறைவே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நாகர் தாவா, காச்சின் தாவா என்ற அடுத்த கேள்விக்கு உறையே பெரிதும் உதவும். இரு மக்களின் உறைகளிலும் ஒரு பக்கம் திறந்திருக்கும் மரப்பலகையே காணப்படும் என்றாலும், நாகர் அதை இடுப்பின் பின்புறத்தில் கட்டுவார்கள், காச்சின் மக்கள் பிரம்பு வளையத்தில் கோத்துத் தோளில் மாட்டுவார்கள். உறை இல்லாத நிலையில், ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள, ஹட்டன், மில்ஸ் ஆகிய பிரிட்டிஷ் ஆட்சிக்கால அதிகாரிகள் நாகா மலைகளில் திரட்டிய பொருள்களைப் போன்று, சேகரித்த இடம் பதிவான தாவ்களோடு ஒப்பிடுவதே அடுத்த வழி. அதுவரை என் பதிவில் ‘தாவ், நாகா மலைகள் அல்லது காச்சின் மலைகள்’ என்றே இருக்கும்.