வாய்ப்பாடா, குடும்பமா, அட்டையா: ஸ்பானியத்தின் முரட்டு இறந்தகாலம்

செல் என்றால் சென்றான், வெல் என்றால் வென்றான். அப்படியானால் சொல் ஏன் 'சொன்றான்' ஆகவில்லை, கல் ஏன் கற்றான் ஆனது என்று வெளியூர்க்காரர் கேட்டால் நாம் விழிப்போம். ஸ்பானியம் கற்கும்போது அந்த வெளியூர்க்காரர் நாம்தான்.

ஒழுங்கான வினை தொல்லை தராது. அப்லார் என்றால் பேசுதல். அப்லே பேசினேன், அப்லோ பேசினார். (கீழே வரும் ஸ்பானியச் சொற்களில் நெடில் வரும் இடத்தில் அழுத்தம் கொடுத்துப் படிக்கவும்.) ஆனால் 'உடைமையாகக் கொண்டிரு' என்னும் தெனேர், இறந்தகாலத்தில் தூபெ ஆகிவிடுகிறது. செய்தலைக் குறிக்கும் அசேர், ஈசெ ஆகிறது. இந்த முரட்டு வினைகளை மனத்தில் ஏற்ற நான் மூன்று வழிகளை முயன்றேன்.

முதல் வழி, பாடநூல்கள் தரும் கட்டம். நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஒரு வினைக்கு 6 வடிவம். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த நாக்குக்கு இது சுலபம். அதே வாய்ப்பாட்டின் குறையும் இதில் உண்டு: ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழிலிருந்து ஓடி வர வேண்டியிருந்ததே, அதுதான். 'அவர்கள் சொன்னார்கள்' என்று சொல்ல, முதல் வரியிலிருந்து படிப்படியாக இறங்கினேன். எதிரே நின்றவர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். லத்தீன் அமெரிக்காவுக்காகக் கற்பவருக்கு இன்னொரு வீண்வேலையும் இருக்கிறது. ஐந்தாம் வரியில் வரும் பன்மை 'நீங்கள்' ஸ்பெயினில்தான் புழங்குகிறது. மெக்சிகோவில் அதற்கு வேலையே இல்லை. நாளைக் காலை தேர்வு என்றால் கட்டம் உதவும். அதற்கு மேல் அதை நான் நம்பவில்லை.

இரண்டாம் வழி, வேர்களைக் குடும்பமாகச் சேர்ப்பது. தெனேர், எஸ்தார் (இரு), பொதேர் (இயலு), பொனேர் (வை), சபேர் (அறி) ஐந்தும் வேரில் உகரம் ஏற்கும்: தூபெ, எஸ்தூபெ, பூதெ, பூசெ, சூப்பெ. அசேர், கெரேர் (விரும்பு), பெனீர் (வா) மூன்றும் இகரம் ஏற்கும்: ஈசெ, கீசெ, பீனெ. தெசீர் (சொல்), த்ரஏர் (கொண்டுவா) போன்றவை ஹகர ஒலி ஏற்கும்: தீஹெ, த்ராஹெ. வேர்தான் மாறுகிறதே தவிர, விகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றே: எ, ஈஸ்தெ, ஒ, ஈமொஸ், ஈஸ்தெய்ஸ், இயேரொன். ஹகரக் குடும்பம் மட்டும் கடைசி விகுதியின் இகரத்தை விழுங்கி, திஹேரொன் என்று நிற்கும். முக்கியமான 14 வேர்களைக் கட்டத்தில் கற்றால் 84 வடிவம். இப்படிக் கற்றால் 14 வேர், 6 விகுதி, மொத்தம் 20.

காதுக்கும் ஓர் அடையாளம் கிடைக்கிறது. ஒழுங்கான வினையில் 'நான்', 'அவர்' வடிவங்களில் அழுத்தம் கடைசியில் விழும்: அப்லே, அப்லோ. முரட்டு வினையில் அது வேரிலேயே தங்கிவிடும்: தூபெ, தூபொ. இந்தக் குடும்பங்கள் யாரோ ஆசிரியர் வசதிக்காகக் கட்டியவையும் அல்ல. லத்தீனின் ஹபுயி (கொண்டிருந்தேன்) ஸ்பானியத்தில் ஊபெ ஆனது. அதைப் பார்த்து அதே சாயலில் தூபெயும் எஸ்தூபெயும் உருவாயின. தமிழ் கற்ற ஜெர்மானியர் கார்ல் கிரவுலும் நம் வினைகளை 7 வகுப்பாகத்தான் பிரித்தார். வெளியிலிருந்து வருபவருக்கு வேறு வாசல் இல்லை போலும்.

குடும்பத்தில் சேராதவர்களும் உண்டு. ஈர் (போ), சேர் (இரு) இரண்டுக்கும் இறந்தகாலம் ஒன்றே: ஃபுய், ஃபுவே. போனாரா, இருந்தாரா என்பதை வாக்கியம்தான் சொல்லும். கொடுத்தலுக்குத் தார், நம் 'தா' போல ஒலிப்பது தற்செயல். அது தீ, தியோ என்று தனிவழி போகும். தொர்மீர் (தூங்கு) இன்னும் குறும்புக்காரன்: 'தூங்கினேன்' தொர்மீ என்று ஒழுங்காக வரும், 'தூங்கினார்' துர்மியோ, 'தூங்கினார்கள்' துர்மியேரொன் ஆகிவிடும்.

மூன்றாம் வழி, கைப்பேசிச் செயலியில் வினா அட்டைகள். மறக்கும் தறுவாயில் அட்டையைத் திரும்பக் காட்டும் உத்தி நல்லதுதான், பஸ்ஸில் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒற்றைச் சொல் அட்டை பொருளில் ஏமாற்றும். சபேர் என்றால் அறிதல் என்று அட்டை சொல்லும். அதன் தொடர் இறந்தகாலமான சபீய 'எனக்குத் தெரிந்திருந்தது'. சூப்பெயோ 'எனக்குத் தெரியவந்தது'. தமிழில் இந்த வேறுபாடு நம் நாவிலேயே இருக்கிறது, அட்டையில் இல்லை. அதேபோல் 'நோ கீசெ' என்பது பெரும்பாலும் வெறும் விரும்பாமை அல்ல, மறுத்துவிட்டேன் என்பது. அட்டையில் முழு வாக்கியம் எழுதினால் இந்தக் குறை பெரிதும் தீரும், எழுதுவதற்குத்தான் சோம்பல்.

என் தேர்வு குடும்பம். வேர்களை ஒரு வாரத்தில் பிடித்துவிட்டு, அன்றன்று நடந்ததை இரவில் நான்கு வரி எழுதுகிறேன். நாட்குறிப்பில் 'நான்' மட்டுமே வரும் என்பதால், வீட்டிலிருக்கும் வேறொருவர் என்ன செய்தார் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். அட்டை, அடிக்கடி சறுக்கும் ஏழெட்டு வினைகளுக்கு மட்டும்.

அந்தார் (நட) என்ற வினைக்கு அட்டை போடவில்லை. அதன் சரியான வடிவம் அந்தூபெ. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவ்வப்போது 'அந்தே' என்று சொல்லித் திருத்து வாங்குகிறார்கள்.