இடுப்பில் மாட்டும் ஸ்டெப் கவுண்டர்: பெரியவர்களுக்கு இது போதும்

பர்மா பஜாரில், பீச் ஸ்டேஷன் எதிர்வரிசைக் கடை ஒன்றில் வாங்கியது. பேரம் பேசி ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. தீப்பெட்டி அளவுதான். பின்னால் ஒரு கிளிப், முன்னால் பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண்: எடுத்துவைத்த அடிகளின் (ஸ்டெப்) கணக்கு. போன் வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். பட்டன் செல்லில் ஓடுகிறது.

வாங்கியது என் மனைவிக்கு. துறைமுக வேலையில் ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பதால் கவனித்தேன், அவளுக்கு மறதி கூடிக்கொண்டே வந்தது. பால்காரர் வந்தாரா என்று கேட்பாள், சற்று நேரத்தில் மறுபடியும் கேட்பாள். டாக்டர் முதலில் தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொன்னார். அவை குறைந்தாலும் மறதி வருமாம். இரண்டும் சரியாக இருந்தன. அப்புறம் தினமும் நடக்கச் சொன்னார்.

அமெரிக்காவில் 55 முதல் 80 வயதுவரை 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தவர்களுக்கு, நினைவுக்கு ஆதாரமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் ஓராண்டில் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. இதைப் படித்ததிலிருந்து நடையின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை.

மகன் முதலில் வாங்கித் தந்தது கையில் கட்டும் பேண்ட். காசிமேட்டிலிருந்து மீன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் கை ஆடாது, கணக்கும் ஏறாது. "ஏங்க, இவ்ளோ தூரம் நடந்தேன், இது பாதிதான் காட்டுது" என்று கழற்றி வைத்துவிட்டாள். இடுப்பில் மாட்டுவதில் அந்தக் குறை இல்லை. கொசுவத்துக்குப் பக்கத்தில், பாவாடை நாடாவோடு சேர்த்து மாட்டினால் அசையாமல் நிற்கும். வெறும் புடவையில் மாட்டினால் சரிந்துவிடும். நூறு அடி எண்ணி நடந்து பார்த்தோம், 97 காட்டியது.

வாங்கியதும் இலக்கை மாற்றுங்கள். தினம் 10,000 அடி என்று வைத்தே தருகிறார்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டெப் கவுண்டரால் பரவிய எண் அது. பிரிட்டனில் 78,000 பேருக்கு மேல் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், தினம் 3,800 அடி நடந்தவர்களுக்கே டிமென்ஷியா (மறதி நோய்) வரும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவாக இருந்தது. 9,800 வரை பலன் கூடியது. நாங்கள் 4,000 வைத்தோம். ராயபுரம் அண்ணா பூங்காவைச் சுற்றினால் (1949-இல் தி.மு.க. தொடங்கிய அதே ராபின்சன் பூங்கா) எட்டிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் எண்ணை அவளே படித்து, தேதி பார்த்து, காலண்டரில் எழுதுகிறாள். நான் எடுத்துக்கொடுப்பதில்லை. இதற்காகவே கொடுத்த காசு தகும்.

குறையும் உண்டு. ரீசெட் பட்டன் துருத்திக்கொண்டிருக்கிறது. உட்காரும்போது அழுந்திப் பூஜ்யமாகிவிட்டால் அவள் முகம் வாடிப்போகிறது. பட்டனைச் சுற்றி அட்டை வெட்டி ஒட்டியபின் தொல்லை இல்லை. வாரண்டி கிடையாது, கடையிலேயே மாட்டி நடந்து பார்த்து வாங்குங்கள். கைத்தடி ஊன்றி மெதுவாக நடப்பவர்களுக்கு இது சரிப்படாது, இழுத்து வைக்கும் அடிகளை விட்டுவிடும். அவர்கள் கடிகாரம் பார்த்து நிமிடக் கணக்கில் நடப்பதே மேல்.