பேசிக்கா, அலவன்ஸா, இன்சென்டிவா? சிங்கப்பூர் பாஸுக்குச் செல்லும் சம்பளம் எது

போன வருடக் கடைசியில் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு ஆஃபர் வந்தன. இரண்டும் சிங்கப்பூரில்தான். கட்டடங்களுக்கு ஏசி, பைப் வேலை எடுத்துச் செய்கிற சின்ன நிறுவனங்கள். முதலாவதில் மாதம் 6,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முழுக்கப் பேசிக், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. இரண்டாவதில் பேசிக் 5,200, சைட் இன்சென்டிவ் 1,500 முதல் 2,000 வரை, தங்க அறை, போய்வர வண்டி. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ரூமும் குடுத்து இவ்வளவு சம்பளமும் குடுக்குறான்னா யோசிக்க என்னடா இருக்கு?" என்றார்.

நான் எடுத்தது முதலாவதை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

கையில் வரும் காசு வேறு, வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி (பாஸ்) தரும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு எண்ணும் காசு வேறு. அவர்கள் பார்ப்பது நிலையான மாதச் சம்பளம். அதாவது பேசிக், அதோடு மாதாமாதம் மாறாமல் வரும் அலவன்ஸ். ஓடி (ஓவர்டைம்), போனஸ், கமிஷன், 13ஆவது மாதச் சம்பளம், வேலையைப் பொறுத்து ஏறி இறங்கும் இன்சென்டிவ் எதுவும் கணக்கில் வராது. இலவச அறையும் வண்டியும் பணமாகத் தரப்படாததால் அவையும் வெளியே. ஆக, எனக்கு 7,000 போல வரவேண்டிய இரண்டாவது வேலை, அமைச்சின் கண்ணில் வெறும் 5,200.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (நிபுணர், மேலாளர் தரத்து வேலைகளுக்கான பாஸ், எல்லாரும் இபி என்கிறோம்) 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சம் 5,600 வெள்ளி. அதுவும் 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45ஐத் தொட்டால் 10,700. நிதித்துறைக்கு இதைவிடக் கூடுதல். என் 28 வயதுக்குச் சுமார் 6,760 வருகிறது. 6,900 மயிரிழையில் தாண்டுகிறது, 5,200 கிட்டவே வரவில்லை.

எஸ் பாஸ் (இபிக்கு அடுத்த படி, நடுத்தரத் திறன் வேலைகளுக்கானது) கிடைத்திருக்கும், அதன் குறைந்தபட்ச வரம்பு 2025 செப்டம்பரிலிருந்து 3,300தான். ஆனால் மனைவியைக் கூட்டிவர டிபென்டன்ட் பாஸ் வேண்டுமானால், இபியோ எஸ் பாஸோ, நிலையான சம்பளம் 6,000 இருக்க வேண்டும். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வரியிலேயே இரண்டாவது ஆஃபர் எனக்கு முடிந்துபோனது.

சின்ன கம்பெனிக்குப் போகிறவர்கள் பாயின்ட் கணக்கையும் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து புது இபிக்கு காம்பஸ் என்ற முறையில் 40 பாயின்ட் வேண்டும். நிபுணர், மேலாளர் தரத்து ஊழியர்கள் 25க்குக் குறைவாக இருந்தால் நிறுவனம் சார்ந்த இரண்டு பிரிவிலும் தலா 10 தானாக வந்துவிடும். சரிபார்க்கப்பட்ட என் பிஇ பட்டத்துக்கு 10. மீதி 10 சம்பளத்திலிருந்துதான் வரவேண்டும், அங்கேயும் அதே நிலையான சம்பளத்தைத்தான் அந்தத் துறையின் சம்பள நிலவரத்தோடு ஒப்பிடுகிறார்கள். இன்சென்டிவில் எவ்வளவு கொட்டினாலும் இங்கே ஒரு பாயின்ட் தேறாது.

நான் மறுத்ததும் இரண்டாவது கம்பெனி விடவில்லை. "சரி, இன்சென்டிவை எடுத்துவிட்டு 1,700ஐ ஃபிக்ஸட் அலவன்ஸாகப் போடுகிறோம், உங்களுக்கு அதே 6,900 வந்துவிடுமே" என்றார்கள். நியாயமான பேச்சுதான். அவர்களுக்கும் லாபம் உண்டு: எஸ் பாஸ் என்றால் மாதம் 650 வெள்ளி லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் வரி) கட்ட வேண்டும், எத்தனை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்ற கோட்டாவிலும் ஓர் இடம் போகும், இபிக்கு இரண்டும் இல்லை. பேரம் பேசுகிறவர்கள் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

பாஸைப் பொறுத்தவரை 5,200+1,700ம் 6,900ம் ஒன்றுதான். வித்தியாசம் பாஸ் வந்த பிறகு தெரிகிறது.

என்னோடு படித்தவன் ஒருவன் எஸ் பாஸில் இருக்கிறான். அவனுடைய ஐபிஏ கடிதத்தில் (பாஸுக்கு அமைச்சு தரும் முன் ஒப்புதல்) 800 வெள்ளி ஃபிக்ஸட் அலவன்ஸ் என்று இருக்கிறது. தேக்காவில் டீ குடிக்கும்போது பேஸ்லிப்பைக் காட்டினான். அதே 800 அங்கே 'அட்டென்டன்ஸ் அலவன்ஸ்' என்று பெயர் மாறி, இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டதற்காக 600 ஆகியிருந்தது. அப்படிக் குறைக்கக் கூடாது. அறிவித்த சம்பளத்தைக் குறைக்க ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், அமைச்சிடமும் முன்கூட்டியே போக வேண்டும். "கேட்டா அடுத்த ரின்யூவல் போட மாட்டான் மச்சான்" என்று பேஸ்லிப்பை மடித்து வைத்துக்கொண்டான். பேசிக்கில் கைவைக்க முதலாளிகள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அலவன்ஸ் என்றால் தங்கள் தயவு என்ற நினைப்பு.

அலவன்ஸுக்கு வைக்கும் பெயரும் முக்கியம். வேலையை விடும்போது மிச்ச லீவுக்கான பணமும், நோட்டீஸுக்கு ஈடான பணமும் மொத்தச் சம்பள விகிதத்தில் கணக்கிடப்படும். அந்த விகிதத்தில் வீட்டு, சாப்பாட்டு, பயண அலவன்ஸ் சேராது. ஆக 1,700க்கு 'ஹவுசிங்' என்று பெயர் வைத்துவிட்டால் பாஸுக்கு அது சம்பளம், கணக்கு முடிக்கும்போது இல்லை. ஓடி உரிமை உள்ளவர்களுக்கு அந்த ஒன்றரை மடங்கும் பேசிக்கின் மீதுதான். 13ஆவது மாதம் தருகிற இடங்களிலும் நான் பார்த்தவரை பேசிக்கைத்தான் தருகிறார்கள்.

எனக்கு முடிவைத் தீர்த்தது ரின்யூவல். இன்று பாஸ் கிடைப்பதை மட்டும் பார்த்தால் போதாது. முதல் இபி பெரும்பாலும் இரண்டு வருடம். அதற்குள் எனக்கு 30 ஆகிவிடும். இன்றைய அட்டவணைப்படியே 30 வயதுக்கு வரம்பு சுமார் 7,220. சம்பளம் ஏறாமல் நின்றாலே நான் கோட்டுக்குக் கீழே போய்விடுவேன். அடிப்படை வரம்பும் சும்மா இருப்பதில்லை: 2020இல் 4,500, 2022இல் 5,000, 2025இல் 5,600. வருடத்துக்கு 4 சதவீதம் இன்கிரிமென்ட் என்றால் 6,900 பேசிக்கில் 276 வரும், 5,200 பேசிக்கில் 208தான். அலவன்ஸுக்கு இன்கிரிமென்ட் போட்ட ஆபீஸை நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டு வருடத்தில் பேசிக்காரன் கோட்டைத் தாண்டி 7,460இல் நிற்பான். அலவன்ஸ்காரன் 7,320, தாண்டினாலும் நூறே வெள்ளிதான் இடைவெளி. வேறு கம்பெனிக்கு மாறினாலும் புது விண்ணப்பம், அன்றைய வயது, அன்றைய வரம்பு.

இரண்டாவது ஆஃபரை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. தனி ஆள், மூன்று வருடம் சம்பாதித்து ஊரில் வீட்டைக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்கிறவருக்கு எஸ் பாஸும் இலவச அறையும்தான் லாபம். நாங்கள் செங்காங்கில் ஓர் அறைக்கு மாதம் 1,400 கட்டுகிறோம். அதைக் கழித்துப் பார்த்தால் அவர் என்னைவிட அதிகம் மிச்சம் பிடிப்பார். சேல்ஸ் ஆட்களின் கமிஷன் விவகாரத்தில் எனக்கு நேரடிப் பழக்கம் இல்லை. கமிஷனை நம்பி இபி போட முடியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாலாவதாக ஒரு வழியையும் சில ஏஜென்ட்டுகள் காதில் போடுவார்கள்: தாளில் 6,900, மாதாமாதம் ஆயிரத்தைப் பணமாகத் திருப்பிக் கொடுத்துவிடு. அது சம்பள ஏற்பாடே இல்லை, குற்றம். பொய்யாக அறிவித்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

ஆஃபர் கடிதம் எப்படி இருந்தாலும், ஐபிஏ வந்ததும் விமானம் ஏறும் முன் அதில் பேசிக், ஃபிக்ஸட் அலவன்ஸ் என்று தனித்தனியாக உள்ள வரிகளைப் படித்துவிடுங்கள். என்னுடையதில் பேசிக் 6,900, அலவன்ஸ் 0. 4 சதவீதத்துக்குக் குறையாமல் இன்கிரிமென்ட் கேட்கும் மெயில் ஒன்று இப்போதே டிராஃப்டில் கிடக்கிறது. அம்மா இன்னும் அந்த இலவச ரூமை மறக்கவில்லை.