கின்னிக்கோழி: நல்ல பறவைதான், வாங்க வேண்டாம்

தாராபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கும் மாப்பிள்ளை போன வாரம் போன் பண்ணினார். "வேலி கட்டியாச்சுங்க மாமா. இனி ஆடு புடிக்கிறதா, கோழி புடிக்கிறதா? உங்க தோட்டத்துல புள்ளி போட்ட கோழி மேயுமே, அது எப்படிங்க?" பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அந்தப் புள்ளிக்கோழிகள், அதாவது கின்னிக்கோழிகள், வாசலில் கத்த ஆரம்பித்துவிட்டன. நான் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்கவே இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

மற்றதை முதலில் முடித்துவிடலாம். கொறங்காட்டுப் பூமிக்கு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு, மேச்சேரி செம்மறி போதும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் இருந்தால் அது பாட்டுக்கு மேயும். வெள்ளாட்டில் கன்னி ஆடு நல்ல இனம், இரட்டைக் குட்டி போடும். ஆனால் முருங்கையும் எலுமிச்சையும் நட்டிருக்கிற இடத்தில் வெள்ளாடு விட்டால் பட்டையைக்கூட மிச்சம் வைக்காது. மாடு இப்போதைக்கு வேண்டாம், கறவை மாடு கட்டியவன் ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்தங்க முடியாது. கோழியில் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிதான். அடைகாக்கும், பருந்து வந்தால் குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும், செலவில்லை. தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைத் தோலில் ஊசி. கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும்.

இனி கின்னிக்கோழி. வருஷக்கணக்காக வைத்திருக்கிறேன், அதனால் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு.

பிரச்சினை சத்தம். பகலில் கத்தும் என்பது எல்லாருக்கும் தெரியும், விற்கிறவரே சொல்லித்தான் விற்பார். எனக்கு ஆத்திரம் வருவது எதற்குக் கத்துகிறது என்பதில். வேலியோரம் சாரைப்பாம்பு போனாலும் கத்தும். கொடியில் புது லுங்கி காய்ந்தாலும் அதே கத்தல்தான். கரண்டு பில் எடுக்க வருகிறவர், பக்கத்துத் தோட்டத்துப் பூனை, காற்றில் பறந்து வந்து கிளுவை முள்ளில் மாட்டிய பாலிதீன் பை, எல்லாமே அதற்குப் பேராபத்து. சேவல் ஒரே சுரத்தில் கடகடவென்று அடிக்கும். பெட்டை இரண்டு சுரத்தில் இழுத்து இழுத்துக் கூப்பிடும், நிறுத்தவே நிறுத்தாது. ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் தடியெடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது காதில் வாங்குவதே இல்லை. காவலுக்கென்று வாங்கிய பறவையின் சத்தத்தை யாரும் சட்டை செய்யவில்லை என்றால் அது என்ன காவல்?

இந்த இடத்தில் எங்கள் அம்மா குறுக்கே வருவார். சத்தத்தைக் கேட்காதே, காலைப் பார் என்பது அவர் கட்சி. லுங்கிக்கும் ஆளுக்கும் கத்தும்போது ஓடிக்கொண்டே கத்தும். பாம்பென்றால் ஓடாது. வட்டம் கட்டி நிற்கும், கழுத்தைத் தாழ்த்தி எல்லாத் தலையும் ஒரே இடத்தைப் பார்க்கும், பாம்பு நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். போன ஐப்பசி மழையில் விறகு அட்டியோரம் அப்படி ஒரு வட்டம். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அம்மாதான் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நடுவில் கண்ணாடி விரியன். இதை மறைத்துவிட்டு வெறும் சத்தத்தை மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது.

வேறு நல்லதும் உண்டு. நாட்டுக்கோழி மாதிரி கீரைப் பாத்தியைக் கிளறாது. நடந்துகொண்டே புழு பூச்சியைக் கொத்தும். பட்டியில் உண்ணி குறைந்திருக்கிறது, அதில் பாதிப் பெருமை நான் அடித்த சுண்ணாம்புக்கும் போக வேண்டும். இரவில் வேப்பமரத்து உச்சிக்கிளையில் அடையும். கூடு பூட்டும் வேலை மிச்சம் என்றாலும் மரநாய்க்கும் கோட்டானுக்கும் அது வசதி.

முட்டை ஒரு தனி வம்பு. கோடை பிறந்தால் இட ஆரம்பிக்கும், பனிக்காலத்தில் கிடையாது. கூண்டு கட்டி வைக்கோல் போட்டு உபசரித்தாலும் கிளுவை வேலி அடியில்தான் இடும். நாலு பெட்டை ஒரே குழியில் இடும். மொத்தத்தையும் எடுத்துவிட்டால் இடத்தை மாற்றிவிடும், அதனால் நாலைந்தை விட்டுவிட்டுக் கரண்டியால் மற்றதை எடுக்க வேண்டும். சின்ன முட்டை, ஓடு கெட்டி. தோசைக்கல் ஓரத்தில் ஒரு தட்டுக்கெல்லாம் உடையாது, கத்தி முதுகால் ஓங்கி அடிக்க வேண்டும். ருசிக்குக் குறை சொல்ல முடியாது.

குஞ்சு பொரிக்க அதன் தாயை நம்பாதீர்கள். விடிகாலையில் பனிப்புல்லுக்குள் குஞ்சை இழுத்துக்கொண்டு போகும், நனைந்த குஞ்சு மதியத்துக்குள் செத்துவிடும். சிறுவிடைக்கு அடியில் வைத்தால் போதும். அதன் கணக்கு 21 நாள், கின்னி முட்டைக்கு 26 முதல் 28 நாள். அந்த மேல் ஒரு வாரமும் எழுந்திரிக்காமல் உட்காருகிறதே, அந்தக் கோழியைத்தான் நான் கும்பிடுவேன். அது வளர்த்த கின்னி கொஞ்சம் அடங்கியும் இருக்கும், பொழுது சாய்ந்தால் கூட்டுக்கும் வரும். பெரிதான பிறகு தீவனத் தட்டில் அந்த வளர்ப்புத் தாயையே கொத்தி விரட்டும் என்பது வேறு விஷயம்.

ஆக, மாப்பிள்ளை, உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு இது வேண்டாம். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் படிக்கிறான், வந்த வருஷமே சண்டை எதற்கு? சிறுவிடையில் ஐந்து பெட்டை ஒரு சேவல், வேலி பலப்பட்டதும் இரண்டு செம்மறிப் பெட்டைக்குட்டி, அவ்வளவு போதும்.

மீறி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் குஞ்சாக வாங்குங்கள். பெரியதாக வாங்கினால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் அடைத்துப் போட்டுப் பிறகு திறந்து விடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். பிடிக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள், ஒடிந்துபோகும். இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும், அங்கேயே பாருங்கள். என்னிடம் கேட்க வேண்டாம், இந்த வருஷக் குஞ்சு எதையும் நான் கொடுப்பதாக இல்லை.